வெந்நீர் பாய்லருக்கும் தூர் வாருங்கள்

"ஏனுங்கத்தே, பாய்லர்ல தண்ணி நூலாட்ட வருதுங்க."

"இன்னும் நாலு கொட்டாங்கச்சி போட்டு எரி கண்ணு. நல்லாச் சூடானாத் தானா வரும்."

மார்கழிக் குளிரில் கொடுமுடி, ஊஞ்சலூர், சிவகிரிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. செம்பு பாய்லரில் தண்ணீர் குறைவாக வந்தால் தீ போதவில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். மேலும் கொட்டாங்கச்சி போடுகிறார்கள், தென்னை மட்டையைச் செருகுகிறார்கள். தண்ணீர் கொதிக்கிறதே தவிர, வரத்து கூடுவதில்லை. சில வீடுகளில் "பாய்லர் கெட்டுப் போயிற்று" என்று முடிவு கட்டி, பழைய செம்பு விலைக்கு எடை போட்டு விற்றுவிடுகிறார்கள்.

பெரும்பாலான பாய்லர்கள் கெட்டுப் போவதில்லை, அடைத்துக் கொள்கின்றன. தண்ணீர் உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் கல் போன்ற உப்புப் படிவு கட்டிக் கொள்கிறது. இதை ஆண்டுக்கு இரண்டு முறை அகற்றிவிட்டால், ஒரு நல்ல செம்பு பாய்லர் ஒரு தலைமுறைக்கும் மேல் உழைக்கும். அகற்றாமல் விட்டால் விறகு வீணாவதோடு, கொதிநீர் பீய்ச்சியடித்து ஆளைச் சுடும் ஆபத்தும் உண்டு.

வாய்க்கால் பாசனம் செய்யும் உழவருக்கு இதை விளங்க வைப்பது கடினமல்ல. பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் சுமார் 90 கிலோ மீட்டர் வளைந்து நெளிந்து வந்து, கொடுமுடி அருகே ஆவுடையார்பாறையில் முடிகிறது. மேலே வண்டல் சேர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அப்போது யாரும் வாய்க்காலை மூடிவிடுவதில்லை, தூர் வாருகிறார்கள். பாய்லரும் ஒரு சிறிய வாய்க்கால்தான். அதற்கும் தலைமதகு உண்டு, கடைமடை உண்டு, தூர் சேருவதும் உண்டு.

பாய்லரின் உள்ளே என்ன இருக்கிறது?

பழைய செம்பு பாய்லரின் நடுவில், அடியிலிருந்து மேல் வரை ஒரு குழல் செல்கிறது. இதன் அடியில் கம்பித் தட்டு. அதன் மேல் நெருப்பு. கீழே சாம்பல் விழும் இடம். புகை இந்த நடுக்குழல் வழியே மேலே போகிறது. குழலைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. நெருப்பு நடுவிலும் தண்ணீர் சுற்றிலும் இருப்பதால், திறந்த அடுப்பில் அண்டா வைப்பதைவிடக் குறைந்த விறகில் வெந்நீர் கிடைக்கிறது. ரஷ்ய நாட்டில் தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சமோவார் என்ற கலமும் இதே அமைப்பில் செய்யப்பட்டதுதான்.

தண்ணீர் ஓடும் வழியில் நான்கு உறுப்புகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பச்சைத் தண்ணீர் ஊற்றும் புனல். இரண்டாவது, புனலிலிருந்து கலத்தின் அடிவரை இறங்கும் உள்குழாய். மூன்றாவது, மேல்பக்கத்தில் வெந்நீர் வெளிவரும் மூக்கு. நான்காவது, மூக்கிலோ அடிப்பக்கத்திலோ பொருத்தப்பட்ட திருகு குழாய்.

பச்சைத் தண்ணீர் கனமானது. வெந்நீர் அதைவிட இலேசானது. உள்குழாய் வழியாக அடியில் பச்சைத் தண்ணீர் இறங்கும்போது, மேலே நிற்கும் வெந்நீர் அதே அளவுக்கு மூக்கு வழியே வெளியேறுகிறது. ஒரு செம்பு ஊற்றினால் ஒரு செம்பு வர வேண்டும். வராமல் புனல் ததும்பி வழிந்தால், இடையில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

சில பாய்லர்களில் உள்குழாய் கிடையாது. மேலே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, அடியில் உள்ள குழாயைத் திருகி வெந்நீர் பிடிக்க வேண்டும். இவற்றில் கல் முதலில் அடைப்பது அடிக் குழாயைத்தான்.

கல் எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவைச் சேர்த்துக் கொண்டு போகிறது. அந்த நீர் சுக்கான் கல்லிலும் சுண்ணாம்புப் பாறையிலும் உள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. கிணற்றிலும் ஆழ்குழாயிலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

அந்தத் தண்ணீரைச் சூடேற்றினால் கரியமில வாயு வெளியேறி விடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாக மாறி, சூடான உலோகத்தின் மேல் ஒட்டிக் கொள்கிறது. தண்ணீர் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது இது வேகமாக நடக்கும். அதனால்தான் குடிநீர்க் குடத்தில் பல ஆண்டுகளில் படியாத கல், பாய்லரில் சில மாதங்களிலேயே படிந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லி கிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட அளவுகோல் கூறுகிறது. ஒரு வீட்டுக் கிணற்று நீரில் இது 300 மில்லி கிராம் என்று வைத்துக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 40 லிட்டர் வெந்நீர் வைத்தால், ஆண்டுக்கு 14,600 லிட்டர் தண்ணீர் பாய்லருக்குள் போய் வருகிறது. அதில் கரைந்துள்ள கடின உப்பு 4 கிலோவுக்கும் மேல். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே படிந்தாலும், 400 கிராமுக்கும் மேற்பட்ட கல் ஓராண்டில் கலத்தினுள் சேர்ந்துவிடும்.

காவிரி நீரும் வாய்க்கால் நீரும் பொதுவாக ஆழ்குழாய் நீரைவிட மென்மையானவை. ஆகவே ஒரே ஊரில் வாய்க்கால் ஓரத்து வீட்டுப் பாய்லர் நன்றாக உழைப்பதும், மேட்டுத் தோட்டத்தில் ஆழ்குழாய் நீர் ஊற்றும் பாய்லர் ஆறு மாதத்தில் அடைத்துக் கொள்வதும் உண்டு. குறை பாய்லர் செய்த கன்னார் மேல் இல்லை.

இங்கு இன்னொன்றையும் தெரிந்து கொள்ள வேண்டும். உவர்ப்பு வேறு, கடினம் வேறு. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால், ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள கிணறுகள் பல உவர்ப்பேறியதை இப்பகுதியினர் அறிவர். நாக்கில் கரிக்கும் சமையல் உப்பு போன்ற உப்புகள் சூட்டில் கல்லாகப் படியாது. ஆனால் குழாயையும் பற்றுவைத்த இடங்களையும் அரிக்கும். கடின நீர் நாக்கில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கல்லாகப் படியும். சோப்பு எளிதில் நுரைக்கவில்லை, வாளி ஓரத்தில் வெள்ளைக் கறை கட்டுகிறது என்றால் அது கடின நீர். சந்தேகம் இருந்தால், பாசன நீரைப் பரிசோதிக்கும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். அந்த முடிவு பாய்லருக்கு மட்டுமல்ல, மஞ்சளுக்கும் வாழைக்கும்கூட உதவும்.

கல் கட்டினால் என்ன நட்டம்?

முதல் நட்டம் வரத்துக் குறைவு. 12 மில்லி மீட்டர் துவாரம் உள்ள குழாயில் சுற்றிலும் 2 மில்லி மீட்டர் கல் கட்டினால், துவாரம் 8 மில்லி மீட்டராகிறது. பார்வைக்கு இது சிறிய மாற்றம். ஆனால் தண்ணீர் போகும் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மேலும் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் கட்டினால் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

இரண்டாவது நட்டம் விறகு. செம்பு, சுண்ணாம்புக் கல்லைவிட நூறு மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். நடுக்குழலின் வெளிப்பக்கம் கல்லும், உள்பக்கம் கரியும் படிந்துவிட்டால், நெருப்பின் சூடு தண்ணீருக்குச் சேராமல் புகையோடு போய்விடும். 40 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்குக் கொண்டுவர 1,200 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். காய்ந்த கொட்டாங்கச்சி ஒரு கிலோவில் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி இருக்கிறது. அதில் நாலில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போனால், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போதும். கல்லும் கரியும் சேர்ந்து அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால், நாளொன்றுக்குக் கால் கிலோ கூடுதலாக வேண்டும். ஆண்டுக் கணக்கில் அது 90 கிலோவுக்கும் மேல் வரும்.

மூன்றாவது நட்டம் கலத்துக்கே வருகிறது. தண்ணீர் தொட்டுக் கொண்டிருக்கும் வரையில் செம்பு அதிகமாகச் சூடேறாது. இடையில் கல் நின்றுவிட்டால் உலோகம் அளவுக்கு மீறிக் காய்கிறது. ஈயப்பற்று வைத்த இணைப்புகள் 200 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே இளகத் தொடங்கும். தண்ணீர் ஊற்ற மறந்து தீ மூட்டினால் நடப்பதும் இதுதான். பாய்லர் ஒழுகத் தொடங்கும் இடங்களில் பல, இப்படி இளகிய இடங்களே.

வழியை அடைத்தால் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைப்பதானால், இதை வைத்துக் கொள்ள வேண்டும். எரியும் பாய்லரில் நீராவி வெளியேற எப்போதும் ஒரு திறந்த வழி இருக்க வேண்டும்.

தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பெருக்கிறது. புனலும் மூக்கும் திறந்திருந்தால் அது அமைதியாக வெளியே போய்விடும். மூக்கில் திருகு குழாய் பொருத்தி, அதை மூடிவிட்டுத் தீ எரித்தால், நீராவி கலத்தின் மேல்பகுதியில் சேர்ந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். அந்தத் தண்ணீர் உள்குழாய் வழியே ஏறி, புனலில் கொதிக்கக் கொதிக்கப் பீய்ச்சியடிக்கும். குனிந்து ஊற்றுபவரின் முகத்துக்கு நேரே புனல் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்குழாயும் கல்லால் அடைந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். நீராவிக்குப் போக்கிடமே இல்லாமல், கலம் வெடிக்கவும் கூடும்.

இது புதிய பாடம் அல்ல. பிரான்சு நாட்டு அறிஞர் டெனி பாப்பின், எலும்பையும் மெதுவாக்கும் மூடிய கலம் ஒன்றை 1679-இல் இலண்டனில் செய்து காட்டினார். நீராவியின் வேகத்துக்கு மூடிய பாத்திரம் தாங்காது என்பதைக் கண்டு, அளவு மீறினால் தானே திறந்து கொள்ளும் எடை வைத்த அடைப்பானை அவர் அமைத்தார். இன்று வீட்டுக் குக்கரின் தலையில் ஆடும் எடை அந்த வழியில் வந்ததே. மஞ்சள் வேக வைக்கும் நீராவிக் கொப்பரையிலும் இத்தகைய அடைப்பான் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். வீட்டு பாய்லருக்கு அடைப்பான் இல்லை. புனலும் மூக்கும்தான் அதன் காவல்.

ஆகவே எரியும் போது மூக்குக் குழாயை மூடக் கூடாது. சூடு ஆறிவிடும் என்று புனலில் துணி அடைக்கக் கூடாது. தண்ணீர் கொதித்துச் சத்தமிட்டால் முதலில் நெருப்பை இழுத்துவிட வேண்டும். புனலருகே முகத்தைக் கொண்டு போகக் கூடாது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

வரத்து குறைந்தது என்பதற்குக் கண் மதிப்பு போதாது. பாய்லர் சுத்தமாக இருக்கும்போது 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துவிடலாம். பிறகு மாதம் ஒரு முறை அதே வாளியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. வாளியில் வெள்ளைச் செதில் மிதப்பதும், தீ எரியும்போது கலத்தினுள் கடகடவென்று சத்தம் கேட்பதும் கல் கட்டியதற்கு மற்ற அடையாளங்கள்.

அடைப்பைத் தேடும் வேலையை, நெருப்பில்லாமல் கலம் முழுவதும் ஆறிய நிலையில்தான் செய்ய வேண்டும். முதலில் திருகு குழாயைக் கழற்றிவிட்டுப் புனலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நன்றாக வந்தால் குற்றம் குழாயில். அப்போதும் வராவிட்டால் மூக்கின் துவாரத்தில் மூங்கில் சிம்பை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். அது தடையில்லாமல் போயும் புனல் ததும்பினால், உள்குழாயின் அடிமுனையில் கல் கட்டியிருக்கிறது.

இரும்புக் கம்பியால் குத்துவதும், வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுவதும் கூடாது. செம்பு மெல்லிய உலோகம். நசுங்கும், ஓட்டையாகும், பற்று விட்டுப் போகும்.

கல்லைக் கரைக்கும் முறை

படிவில் ஒரு துண்டை எடுத்து எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்க வேண்டும். குமிழி விட்டுப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல், புளிப்பில் கரையும்.

திருகு குழாய், கழற்றக் கூடிய மூக்கு முதலிய சிறு உறுப்புகளுக்கு வீட்டுப் புளிக் கரைசலே போதும். கெட்டியாகக் கரைத்து ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருந்தால் இன்னொரு முறை செய்யலாம்.

கலத்துக்குக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் ஏற்றது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் என்ற கணக்கில் போட வேண்டும். 20 லிட்டர் பாய்லருக்கு 600 கிராம் ஆகும். இது சுமார் 400 கிராம் கல்லைக் கரைக்கும். அதாவது மேலே கணக்கிட்ட வீட்டில் ஓராண்டில் சேரும் படிவு.

செய்யும் விதம் வருமாறு:

1. முதல் நாளே நெருப்பை நிறுத்தி, இரவு முழுவதும் ஆற விட வேண்டும். சாம்பலை அள்ளிவிட்டு, கலத்தில் உள்ள தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும்.

2. எலுமிச்சை உப்பைத் தனி பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, புனல் வழியே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பொங்கி வரும், அவசரப்படக் கூடாது. மூக்கு மட்டம் வரை நிரப்பினால் போதும்.

3. புனலும் மூக்கும் திறந்தே இருக்க வேண்டும். கல் கரையும்போது கரியமில வாயு வருகிறது. அதற்குப் போக்கிடம் வேண்டும். இந்த நேரத்தில் தீ மூட்டவே கூடாது.

4. இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, இடையிடையே உள்குழாயிலும் மூக்கிலும் சிம்பால் கிளறிவிட வேண்டும். பிறகு வடித்துவிட வேண்டும். நாள் கணக்கில் ஊற விட்டால் புளிப்பு செம்பையும் பற்றையும் அரிக்கத் தொடங்கும்.

5. உறுதியான நூல் கயிற்றில் தேங்காய் நார் முடிச்சுப் போட்டு, நேராக உள்ள குழாய்களில் இழுத்து எடுத்தால் இளகிய கல் வந்துவிடும்.

6. நல்ல தண்ணீரால் குறைந்தது மூன்று முறை கழுவ வேண்டும். அடுத்து வைக்கும் முதல் வெந்நீரைக் குளிக்கவும் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.

வடித்த கரைசலில் செம்பும் சிறிது கலந்திருக்கும். அதை ஆடு மாடு குடிக்கும் தொட்டியருகே ஊற்றக் கூடாது. செம்புச் சத்து மிகுந்தால் செம்மறியாடுகள் தாங்கா. கிணற்றுக்கும் தொட்டிக்கும் தள்ளி, பயிரில்லாத தரையில் கொட்டிவிடலாம்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் கல் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்று சிலர் சொல்வதைக் கேட்கக் கூடாது. அது பித்தளைக் குழாயையும் ஈயப்பற்றையும் சேர்த்தே தின்றுவிடும். அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். எந்தப் புளிப்பையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவும் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

குழாய், வாஷர், நடுக்குழல்

கழற்றிய திருகு குழாயில் வாஷர் இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சாதாரண ரப்பர் வாஷர் வெந்நீரில் சீக்கிரம் கெட்டுவிடும். வெந்நீருக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். மரைக்குச் சணலோ டேப்போ சுற்றிப் பொருத்தினால் போதும். ஒழுகுகிறது என்பதற்காகப் பலங்கொண்ட மட்டும் திருகினால் மூக்கே முறுக்கிக் கொள்ளும்.

கலத்துக்குத் தூர் வாரும் அன்றே நடுக்குழலையும் துடைத்துவிட வேண்டும். ஈர மட்டையும் பாளையும் எரிக்கும் வீடுகளில் குழலினுள் பிசுபிசுப்பான கரி படிந்திருக்கும். நீளக் குச்சியில் சாக்குத் துணி கட்டி மேலும் கீழும் இழுத்தால் வந்துவிடும். காய்ந்த எரிபொருளே போட்டால் இந்தக் கரி பாதியாகக் குறையும்.

எல்லாம் பொருத்திய பின், கலத்தில் தண்ணீர் நிரப்பி, அடியில் உலர்ந்த சாம்பலைப் பரப்பி ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் சாம்பல் நனைந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒழுக்கு இருக்கிறது. அதைக் கன்னாரிடம் காட்டிப் பற்றுவைத்த பிறகே தீ மூட்ட வேண்டும்.

மாடியில் உள்ள சூரியக் கலத்துக்கும் இதே கதை

இப்போது பல தோட்டத்து வீடுகளில் மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வந்துவிட்டது. விறகுச் செலவு இல்லை. ஆனால் ஆழ்குழாய் நீர்தான் அங்கும் போகிறது. எனவே கல்லும் கட்டுகிறது. கண்ணாடிக் குழல்களின் அடியில் வெள்ளைப் பொடி சேரும். வெந்நீர்க் குழாயில் வரத்துக் குறையும்.

அங்கும் மேலே நீட்டிக் கொண்டிருக்கும் காற்றுப் போக்கிக் குழாயை அடைக்கக் கூடாது. குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வெயில் ஏறிய நேரத்தில், காய்ந்து கிடக்கும் கண்ணாடிக் குழலில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிசல் விடும்; விடியற்காலையிலோ பொழுது சாய்ந்து குழல் ஆறிய பிறகோதான் நிரப்ப வேண்டும். கலத்தை விற்றவர் அடி வடிகுழாய் வைத்திருந்தால், அதை மாதம் ஒரு முறை திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும்.

கல் சேராமல் இருக்க

வாய்க்கால் நீரோ காவிரிக் குடிநீரோ கிடைக்கும் வீட்டில், பாய்லருக்கு அதையே ஊற்றலாம். ஓட்டு வீட்டிலும் மாடி வீட்டிலும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு கிடையாது.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட வேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்கக் கல்லும் அதிகம், விறகும் அதிகம். 60 டிகிரிச் சூட்டில் உள்ள தண்ணீரே சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். எனவே குளிக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை விட்டு, அதன் மேல்தான் வெந்நீரைப் பிடிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வழக்கத்தை மாற்றவே கூடாது.

கதவடைத்த குளியலறைக்குள் பாய்லரை எரிப்பதும் கூடாது. குறை எரிப்பில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைக் குடித்துவிடும். பாய்லருக்கு இடம் திறந்த தாழ்வாரமே. அதில் வைத்த வெந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கக் கூடாது. செம்பில் பிடிக்கும் களிம்பும் பற்றில் உள்ள ஈயமும் உடலுக்கு ஆகாதவை.

எப்போது செய்வது?

ஆயுத பூஜைக்கு ஏரும் மண்வெட்டியும் மோட்டாரும் கழுவித் துடைக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பாய்லரையும் சேர்த்துக் கொண்டால் மறக்காது. தீபாவளி விடியலில் வீட்டார் அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக் கொண்டு வரிசையில் நிற்கும்போது தண்ணீர் தாராளமாக வரும்; தொடர்ந்து வரும் கார்த்திகை, மார்கழிக் குளிரையும் சமாளிக்கலாம். இரண்டாவது முறையைச் சித்திரையில் வைத்துக் கொள்ளலாம். வாய்க்கால் நீர் ஊற்றும் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறையே போதும்.

ஒரு பகல் வேலை, அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எலுமிச்சை உப்பு, ஒரு மூங்கில் சிம்பு, கொஞ்சம் தேங்காய் நார். செலவு இவ்வளவுதான். இனி பாய்லரில் தண்ணீர் நூலாக வந்தால் இன்னும் நாலு கொட்டாங்கச்சி போட வேண்டாம். நெருப்பை இழுத்துவிட்டு, மறுநாள் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.